எரிச்சல் இல்லை, வலி இல்லை... அப்புறம் எதுக்கு மாத்திரை? கர்ப்பிணிகள் தெரிந்துகொள்ள வேண்டிய யூரின் கல்ச்சர்!

ராசிபுரம் பக்கத்தில் ஒரு தறி வீடு என்று வைத்துக்கொள்வோம். மருமகளுக்கு நான்காவது மாதம். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர், கையில் ஒரு ரிப்போர்ட்டும் மாத்திரைக் கவருமாக வந்து திண்ணையில் உட்கார்கிறார்.

"டாக்டரு என்ன கண்ணு சொன்னாங்க?"

"யூரின்ல கிருமி இருக்குதுன்னாங்க அத்தை. ஏழு நாளைக்கு மாத்திரை குடுத்திருக்காங்க."

"ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?"

"இல்லைங்க."

"அடிவயிறு வலிக்குதா? காய்ச்சல் கீய்ச்சல்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க அத்தை."

"அப்புறம் எதுக்கு மாத்திரை? உடம்புச் சூடா இருக்கும். நாலு நாளைக்கு எளநி குடி, சரியாப் போயிரும். வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டுக் கண்ட மாத்திரையும் திங்காத."

மாத்திரைக் கவர் அலமாரிக்குப் போய்விடுகிறது.

இந்த மாமியாரைக் குறை சொல்ல முடியாது. மருமகள் மேலும், பிறக்கப்போகும் குழந்தை மேலும் உள்ள அக்கறையில்தான் பேசுகிறார். நோய் என்றால் வலிக்க வேண்டும், எரிய வேண்டும், சுட வேண்டும் என்பதுதானே நம் எல்லோருடைய கணக்கும்? ஆனால், கர்ப்ப காலத்தில் அந்தக் கணக்கு தப்பும் இடங்களில் இதுவும் ஒன்று.

சத்தமே போடாத தொற்று

சிறுநீரில் கிருமி பெருகியிருக்கும். ஆனால் எரிச்சல், வலி, காய்ச்சல் எதுவும் இருக்காது. இதற்கு மருத்துவத்தில் 'அசிம்ப்டமேட்டிக் பேக்டீரியூரியா' என்று பெயர். எளிமையாகச் சொன்னால், அறிகுறி இல்லாத சிறுநீர்த் தொற்று. 100 கர்ப்பிணிகளைப் பரிசோதித்தால் 2 முதல் 10 பேருக்கு இது இருக்கலாம். பெரும்பாலும் காரணம், நம் குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. குடலில் இருக்கும்வரை தொல்லை இல்லை. இடம் மாறி சிறுநீர்ப்பைக்குள் போகும்போதுதான் சிக்கல்.

எவ்வளவு கிருமி இருந்தால் தொற்று என்று சொல்வது? இதற்கு ஓர் எல்லைக்கோடு போட்டவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் பணியாற்றிய எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர். ஒரு மில்லி சிறுநீரில் ஒரே வகைக் கிருமி 1 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், அது தற்செயலாகக் கலந்த அழுக்கல்ல, உள்ளே உண்மையாகவே பெருகிய கிருமி என்று 1950-களில் அவர் விளக்கினார். இன்றும் நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் வரும் 'ஒரு லட்சம்' அங்கிருந்து வந்ததுதான்.

காஸ் அதோடு நிற்கவில்லை. நலமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார். கிருமி இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தும், மற்றவர்களுக்கு மருந்து இல்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 40 சதவிகிதம் பேருக்குப் பின்னால் சிறுநீரகத்தில் தொற்று வந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு அது தடுக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் வழக்கம் இப்படித்தான் வந்தது.

கர்ப்பத்தில் மட்டும் ஏன் இப்படி?

பெண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம்தான். அதனால் கிருமி உள்ளே போவது எல்லாப் பெண்களுக்குமே எளிது. கர்ப்பம் இதில் இன்னும் சில வேலைகளைச் செய்கிறது.

கர்ப்ப காலத்தில் அதிகம் சுரக்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்களைத் தளர வைக்கிறது. வளரும் கர்ப்பப்பையும் அந்தக் குழாய்களை அழுத்துகிறது. கர்ப்பப்பை கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தே வளர்வதால் வலது குழாய்க்கு அழுத்தம் அதிகம். விளைவு, சிறுநீர் வேகமாக இறங்காமல் தேங்குகிறது. சிறுநீரில் சர்க்கரையும் சற்றுக் கூடுதலாகக் கலக்கலாம். தேங்கிய நீரும் தீனியும் கிடைத்தால் கிருமிக்குக் கேட்கவா வேண்டும்?

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'சுத்தமா இல்லாததால வந்திருக்கும்' என்று யாரும் அந்தப் பெண்ணைப் பேசக் கூடாது. இது உடல் மாறுவதால் வருவது. வெட்கப்படவோ, கணவரிடம் மறைக்கவோ இதில் ஒன்றும் இல்லை.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

கீழே சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமி, தளர்ந்த குழாய் வழியே மேலே ஏறி சிறுநீரகத்தைத் தொட்டால் நிலைமை மாறிவிடும். நடுக்கத்துடன் காய்ச்சல், முதுகின் பக்கவாட்டில் விலா எலும்புக்குக் கீழே வலி, வாந்தி என்று படுக்கையில் தள்ளிவிடும். கர்ப்பத்தின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளில்தான் இது அதிகம் வரும். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி வழியே மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். கிருமி ரத்தத்தில் கலந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றோடும் இந்தத் தொற்றுக்குத் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

கிருமி இருக்கும் எல்லோருக்குமே இப்படி ஆகுமா? ஆகாது. பழைய ஆய்வுகள் சொன்ன அளவுக்கு ஆபத்து இல்லை என்று சொன்ன ஆய்வும் உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு அது. சர்க்கரை நோய் போன்ற சிக்கல்கள் இல்லாத, ஒற்றைக் குழந்தையைச் சுமந்த பெண்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். கிருமி இருந்தும் மருந்து எடுக்காதவர்களில் 2.4 சதவிகிதம் பேருக்குச் சிறுநீரகத் தொற்று வந்தது. கிருமி இல்லாதவர்களில் அது 0.6 சதவிகிதம். குறைமாதப் பிரசவம் அந்த ஆய்வில் கூடவில்லை.

ஆக, ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பதறிப்போகத் தேவையில்லை. அதற்காக அலட்சியமும் வேண்டாம். ஒரு வார மாத்திரையில் தடுத்துவிடக்கூடிய ஆபத்து இது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கர்ப்ப காலப் பராமரிப்பு வழிகாட்டுதலில், அறிகுறியே இல்லாவிட்டாலும் கர்ப்பிணிக்குச் சிறுநீரில் தொற்று உறுதியானால் ஏழு நாள் ஆன்டிபயாடிக் கொடுக்கப் பரிந்துரைத்திருக்கிறது.

'யூரின் டெஸ்ட்தான் எடுத்தாச்சே!'

பல குடும்பங்கள் ஏமாந்துபோவது இங்கேதான். மாதாமாதம் செக்கப்புக்குப் போகும்போது ஒரு சின்ன டப்பாவில் சிறுநீர் பிடித்துக் கொடுக்கிறோம். 'யூரின் நார்மல்' என்று அட்டையில் எழுதித் தருகிறார்கள். 'அப்போ கிருமி இல்லை' என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்தப் பரிசோதனை பெரும்பாலும் ஆல்புமின், சுகர் இரண்டையும் பார்ப்பதற்கானது. ஆல்புமின், கர்ப்ப கால ரத்த அழுத்தச் சிக்கலைக் காட்டிக்கொடுக்கும். சுகர், சர்க்கரை நோயின் சாயலைக் காட்டும். இரண்டுமே அவசியமான பரிசோதனைகள்தான். ஆனால் அவை கிருமியைத் தேடுபவை அல்ல.

சில இடங்களில் குச்சி போன்ற பட்டையைச் சிறுநீரில் தோய்த்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அதில் உள்ள நைட்ரைட் கட்டம் நிறம் மாறினால் கிருமி இருக்கலாம் என்று அர்த்தம். ஆனால், கிருமி நைட்ரைட்டை உண்டாக்க, சிறுநீர் சில மணி நேரமாவது சிறுநீர்ப்பையில் தங்க வேண்டும். கர்ப்பிணிகளோ அடிக்கடி பாத்ரூம் போகிறவர்கள். சில வகைக் கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை. அதனால் பட்டையில் நிறம் மாறாவிட்டாலும் தொற்று இருக்கலாம்.

உறுதியாகச் சொல்வது யூரின் கல்ச்சர் பரிசோதனைதான். சிறுநீரை லேப்பில் ஒரு தட்டில் தடவி, கிருமி வளர்கிறதா என்று காத்திருந்து பார்ப்பார்கள். வளர்ந்தால் எந்தக் கிருமி, எவ்வளவு, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது வரை தெரிந்துவிடும். கிருமி வளர நேரம் வேண்டும் என்பதால் முடிவு வர இரண்டு, மூன்று நாள் ஆகும்.

கர்ப்பம் உறுதியாகி முதல் முறை டாக்டரைப் பார்க்கும்போதோ, 12 முதல் 16 வாரங்களுக்குள்ளோ ஒருமுறை கல்ச்சர் எடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே சிறுநீர்த் தொற்று வந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு டாக்டர் மறுபடியும் எடுக்கச் சொல்லலாம்.

எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கல்ச்சர் வசதி இருக்காது. அதனால் கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போகும்போதே கிராம சுகாதார செவிலியரிடம், "ஆல்புமின், சுகரோட கல்ச்சருக்கும் எடுப்பீங்களா? இல்லைன்னா எங்க போய்க் குடுக்கணும்?" என்று கேட்டுவிடலாம். ராசிபுரம் வட்டாரத்துப் பெண்களுக்கு ராசிபுரம் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி தேவைப்பட்டால் ஒரு பக்கம் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, இன்னொரு பக்கம் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி. எங்கே கொடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஒரு நாள் தறிக் கூலி வீணாகாது. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்காக அரசு நடத்தும் இலவசப் பரிசோதனை நாளிலும் இதைக் கேட்கலாம்.

டப்பாவில் பிடிப்பதில்தான் பாதி விஷயம்

கல்ச்சர் ரிப்போர்ட் சரியாக இருப்பது, சிறுநீரைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. தோலில் இருக்கும் கிருமி டப்பாவில் விழுந்தால், இல்லாத தொற்று இருப்பதாகத் தெரியும். தேவையில்லாத ஆன்டிபயாடிக் உள்ளே போகும். சரியாகப் பிடிப்பது இப்படித்தான்:

- லேப்பில் தரும் சுத்திகரிக்கப்பட்ட டப்பாவை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டிலிருக்கும் மருந்து பாட்டிலைக் கழுவி எடுத்துப்போவது வேண்டாம்.
- ஆன்டிபயாடிக் எதுவும் ஆரம்பிப்பதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிடுங்கள்.
- கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறப்புறுப்பைத் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்யுங்கள்.
- முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடியுங்கள். கடைசியில் வருவதும் வேண்டாம்.
- டப்பாவின் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் விரலால் தொடாதீர்கள்.

வீட்டிலேயே பிடித்து, பையில் வைத்து, இரண்டு பஸ் மாறி வெயிலில் கொண்டுபோவதையும் தவிர்க்க வேண்டும். ஈ.கோலை, ஆய்வகத்தில் நல்ல சூடும் தீனியும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஆயிரம் கிருமி, இரண்டு மணி நேரத்தில் 64 ஆயிரம் ஆகிவிடும். சிறுநீரில் அத்தனை வேகம் இருக்காது என்றாலும், சித்திரை வெயிலில் சும்மா இருக்காது. லேப்புக்கே போய், அங்கேயே பிடித்துக் கொடுப்பதுதான் நல்லது.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

'நோ குரோத்' என்று இருந்தால் கிருமி வளரவில்லை. 'மிக்ஸ்டு குரோத்' என்று இருந்தால் பல கிருமிகள் கலந்து வளர்ந்திருக்கின்றன. பெரும்பாலும் பிடிக்கும்போது கலந்தவையாக இருக்கும். மறுபடியும் கொடுக்கச் சொல்வார்கள். அதற்குச் சலித்துக்கொள்ளாதீர்கள். ஒரே கிருமி, ஒரு லட்சத்துக்கு மேல் என்று இருந்தால்தான் தொற்று.

கீழே மருந்துகளின் பட்டியல் இருக்கும். பக்கத்தில் 'எஸ்' என்று போட்டிருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும். 'ஆர்' என்று போட்டிருந்தால் கட்டுப்படாது. இஷ்டத்துக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டுப் பழகியதால் நம் நாட்டில் 'ஆர்' போட்ட மருந்துகளின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. கல்ச்சர் பார்த்து மருந்து கொடுப்பது அதனால்தான் இன்னும் முக்கியமாகிறது.

குழந்தைக்கு ஆகுமா?

மாமியார் கேட்ட இரண்டாவது கேள்வி இது. எல்லா ஆன்டிபயாடிக்கும் கர்ப்பத்தில் ஆகாது என்பது உண்மை. எல்லாமே ஆகாது என்பது உண்மையில்லை.

செஃபலெக்சின், நைட்ரோஃபியூரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்றவை கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகக் கொடுக்கப்பட்டு வருபவை. இதிலும் மாதக் கணக்கு உண்டு. உதாரணமாக, நைட்ரோஃபியூரான்டாயினைப் பிரசவம் நெருங்கும் கடைசி வாரங்களில் தவிர்ப்பார்கள். டிரைமெத்தோபிரிம் என்ற மருந்தை முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பார்கள். சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் வகைகளைப் பொதுவாகக் கர்ப்பத்தில் கொடுப்பதில்லை. அதனால், மெடிக்கல் ஷாப்பில் "யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடுவதுதான் குழந்தைக்கு ஆபத்து. எத்தனையாவது மாதம் என்று பார்த்து டாக்டர் எழுதித் தந்ததைச் சாப்பிடுவது ஆபத்து அல்ல.

மூன்று நாளில் நிறுத்தவும் கூடாது. அறிகுறியே இல்லாத தொற்று என்பதால், 'குணமாயிடுச்சு' என்று உடம்பு சொல்லவும் சொல்லாது. எழுதிக் கொடுத்த நாள் முழுக்கச் சாப்பிட்டு, ஓரிரு வாரம் கழித்து மறுபடியும் கல்ச்சர் எடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. கிருமி சிலருக்குத் திரும்பவும் வரும்.

அதே ரிப்போர்ட் மாமியாருக்கு வந்தால்?

இப்போது ஒரு திருப்பம். அந்த மாமியாருக்கு வயது 60, சர்க்கரை நோய் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அவருக்கும் கல்ச்சர் எடுத்து, அதே ஈ.கோலை, அதே ஒரு லட்சம் என்று வருகிறது. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. அவருக்கும் மாத்திரை வேண்டுமா?

வேண்டாம்! அறிகுறி இல்லாத தொற்றுக்கு, கர்ப்பமில்லாத பெண்களுக்கோ, முதியவர்களுக்கோ, சர்க்கரை நோயாளிகளுக்கோ பொதுவாக ஆன்டிபயாடிக் தேவையில்லை என்கிறது அமெரிக்கத் தொற்றுநோய் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல். கொடுத்தால் பலன் இல்லை, மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். சிறுநீர்ப் பாதையில் சில அறுவை சிகிச்சைகள் செய்யப்போகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு.

ஆக, 'தொந்தரவு இல்லைன்னா எதுக்கு மாத்திரை?' என்று மாமியார் கேட்டது அவர் விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. மருமகள் விஷயத்தில்தான் தப்பு. ஒரே கிருமி, ஒரே வீடு, இரண்டு பதில்கள். நடுவில் இருப்பது கர்ப்பம்.

இளநீரும் ஜவ்வரிசிக் கஞ்சியும்

ராசிபுரத்தில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமா? கஞ்சி குடிக்கலாம், மோர் குடிக்கலாம். சர்க்கரை இல்லாதவர்கள் இளநீரும் குடிக்கலாம். உடம்புக்குக் குளிர்ச்சி, தெம்பு. ஆனால் ஒரு லட்சத்தைத் தாண்டிய கிருமியை இவை அழிக்காது. மாத்திரையோடு சேர்த்துக் குடியுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

தறியிலோ, சேகோ ஆலையிலோ, மில்லிலோ வேலை பார்க்கும் பெண்கள், பாத்ரூம் வசதி இல்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது உண்டு. கர்ப்ப காலத்தில் அது வேண்டாம். தாகத்தைப் பொறுக்காமல், சிறுநீரை அடக்காமல் இருப்பதற்கு வீட்டாரும் வேலை கொடுப்பவரும் வழிசெய்ய வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல்
- முதுகின் பக்கவாட்டில், முக்கியமாக வலப்பக்கம் வலி
- நிற்காத வாந்தி
- சிறுநீரில் ரத்தம், எரிச்சல்
- அடிவயிறு விட்டுவிட்டு இறுகுவது, நீர் கசிவது
- குழந்தையின் அசைவு குறைவது

முதுகுவலியும் அடிக்கடி சிறுநீர் போவதும் 'மாசமா இருந்தா அப்படித்தான்' என்று விட்டுவிடக்கூடிய விஷயங்கள். ஆனால் கூடவே காய்ச்சல் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

வளைகாப்புப் பெட்டியில் ஒரு காகிதம்

கடைசியாக ஒன்று. வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது புடவை, வளையல், பலகாரம் எல்லாம் பெட்டியில் ஏறும். ராசிபுரத்தில் பார்த்த டாக்டர் ஒருவர், பிரசவம் பார்க்கப்போகும் டாக்டர் வேறொருவர். அவருக்கு இந்தக் கல்ச்சர் ரிப்போர்ட் தெரிய வேண்டும். முக்கியமாக, அதில் 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற கிருமி இருந்ததாக எழுதியிருந்தால், முன்பே மருந்து சாப்பிட்டு முடித்திருந்தாலும், பிரசவ வலி வந்தபின் ஊசி மூலம் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். பிறக்கும் குழந்தைக்கு அந்தக் கிருமி தொற்றாமல் இருக்கத்தான் அது.

அதனால் தாய்-சேய் நல அட்டையோடு அந்த ரிப்போர்ட்டையும் சேர்த்து வையுங்கள். போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அலமாரியில் இருக்கும் அந்த மாத்திரைக் கவரையும் இப்போதே எடுத்துவிடலாம். அத்தையே ஒரு டம்ளர் தண்ணீரோடு நீட்டினால் இன்னும் நல்லது!